குழந்தைகளின் இரத்தத்தில் கிருமி தேடும் இயந்திரங்கள்: தானியங்கி இரத்த வளர்ப்புக் கருவிகளின் வரலாறும் ஒப்பீடும்

பாக்டீரியா அல்லது பூஞ்சை இரத்தத்தில் புகுந்து உடல் முழுவதும் பரவும் நிலை இரத்த ஓட்டத் தொற்று எனப்படும். இதை உறுதிசெய்யும் அடிப்படையான சோதனை இரத்த வளர்ப்புச் சோதனை ஆகும். மருத்துவமனைகளில் இது ‘பிளட் கல்ச்சர்’ என்றே வழங்குகிறது. நோயாளியின் நரம்பிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, கிருமிகள் வளரத்தக்க ஊட்டத் திரவம் உள்ள குப்பியில் செலுத்தி, உடல் வெப்பநிலையில் வைத்துக் கவனிப்பார்கள். இரத்தத்தில் கிருமி இருந்தால் அது குப்பியில் பெருகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதன் பிறகே அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய முடியும்.

குப்பிகளைக் கண்ணால் பார்த்துக் கண்டறிந்த காலம் போய், அவற்றை இயந்திரங்கள் இரவும் பகலும் கவனிக்கும் காலம் வந்து சில பத்தாண்டுகள் ஆகின்றன. எந்த இயந்திரம் சிறந்தது என்று அறியப் பல ஒப்பீட்டு ஆய்வுகள் நடந்தன. குழந்தைகளைப் பொறுத்தவரை அந்த ஆய்வுகள் மெல்ல மெல்ல வேறொரு கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தன: குப்பிக்குள் சென்ற இரத்தம் எத்தனை மில்லிலிட்டர்?

குழந்தைகளின் தனிச் சிக்கல்

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. அவரிடமிருந்து ஒரு முறைக்கு 20 மி.லி. எடுத்து இரண்டு குப்பிகளில் இடுவது வழக்கம். அது அவருடைய மொத்த இரத்தத்தில் 0.4 விழுக்காடு மட்டுமே. 1 கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறத்தாழ 90 மி.லி. தான். அக்குழந்தையிடமிருந்து 1 மி.லி. எடுப்பது பெரியவரிடமிருந்து 55 மி.லி. எடுப்பதற்குச் சமம். இதனால் மருத்துவர்களும் செவிலியர்களும் குழந்தையிடம் இரத்தம் எடுக்கத் தயங்குவது இயல்பு. நரம்பு மிகச் சிறிதாக இருப்பதும், குழந்தை அழுது திமிறுவதும் இந்தத் தயக்கத்தைக் கூட்டுகின்றன.

அதே சமயம், பச்சிளங்குழந்தையின் உடலில் தொற்று மணிக்கணக்கில் முற்றிவிடும். பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், மூச்சு வாங்குதல், உடல் சில்லிடுதல் போன்ற பொதுவான அறிகுறிகளே தெரியும். இவை வேறு பல காரணங்களாலும் வரக்கூடியவை. ஆகவே மருத்துவர் சந்தேகத்தின் பேரிலேயே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குகிறார். அதைத் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்ற முடிவு இரத்த வளர்ப்புச் சோதனையைப் பெரிதும் சார்ந்துள்ளது.

இயந்திரங்களுக்கு முந்தைய காலம்

ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் முறைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயின. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். 1885இல் குழந்தை மருத்துவரான தியோடர் எஸ்செரிச், குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு விவரித்தார. பின்னாளில் அது அவர் பெயராலேயே எஸ்செரிச்சியா கோலை என்று அழைக்கப்பட்டது. பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் புகுந்து உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் கிருமிகளில் இது முக்கியமான ஒன்று.

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இரத்த வளர்ப்புச் சோதனை முற்றிலும் கைவேலையாக இருந்தது. குப்பியில் இட்ட இரத்தம் உறைந்துவிட்டால் கிருமிகள் அதற்குள் சிக்கிக்கொள்ளும். உறையாவிட்டாலும், இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்களும் வெள்ளணுக்களும் குப்பிக்குள்ளும் கிருமிகளைத் தாக்கும். சோடியம் பாலிஅனெத்தால் சல்ஃபோனேட் என்ற வேதிப்பொருள் இவ்விரண்டு இடையூறுகளையும் தடுப்பது 1930களில் தெரியவந்தது. இன்றைய குப்பிகள் பெரும்பாலானவற்றிலும் இது சேர்க்கப்படுகிறது. ஆனால் இப்பொருள் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் போன்ற சில கிருமிகளின் வளர்ச்சியையும் ஓரளவு தடுக்கும்.

1947இல் மெக்சிகோவின் ரூயிஸ் காஸ்டனேடா, திரவ ஊட்டமும் கெட்டியான ஊட்டமும் ஒரே குப்பியில் அமைந்த முறையை வெளியிட்டார். குப்பியைச் சாய்த்தாலே திரவம் கெட்டிப் பரப்பை நனைக்கும். மூடியைத் திறக்காமலே கிருமிக் கூட்டங்கள் வளர்வதைப் பார்க்கலாம். இருந்தாலும் பணியாளர் ஒருவர் நாள்தோறும் ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துக் கலங்கல் தெரிகிறதா, குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. ஒரு வாரம் வரை இப்படிக் கவனிப்பார்கள். இரவில் கலங்கிய குப்பி காலையில்தான் கண்ணில் படும்.

பால்டிமோரில் பிறந்த கருவி

இந்த நிலையை மாற்றிய எண்ணம் அணு மருத்துவத் துறையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் டிலாண்ட், ஹென்றி வாக்னர் ஆகியோர் 1969இல் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். பாக்டீரியா சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடும். அந்தச் சர்க்கரையில் கதிரியக்கத் தன்மையுள்ள கார்பன்-14 அணுக்களைச் சேர்த்துவிட்டால், வெளிவரும் வாயுவும் கதிரியக்கத்தோடு இருக்கும். அதை அளந்தால், கண்ணுக்குக் கலங்கல் தெரியும் முன்பே கிருமி வளர்வது தெரிந்துவிடும்.

இந்த அடிப்படையில் மேரிலாந்தைச் சேர்ந்த ஜான்ஸ்டன் லேபரட்டரீஸ் நிறுவனம் பேக்டெக் வரிசைக் கருவிகளை உருவாக்கியது. பின்னர் இது பெக்டன் டிக்கின்சன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1970களில் பரவிய பேக்டெக் 460 கருவி, குப்பியின் ரப்பர் மூடி வழியே ஊசியைச் செலுத்தி உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சி அளந்தது. இதில் இரண்டு குறைகள் இருந்தன. கதிரியக்கக் கழிவைப் பாதுகாப்பாக அகற்றவேண்டியிருந்தது. ஊசி சரியாகத் தூய்மையாகாவிட்டால் ஒரு குப்பியின் கிருமி அடுத்த குப்பிக்குத் தொற்றி, நோயில்லாத ஒருவருக்கு நோய் இருப்பதாகக் காட்டும். 1980களில் வந்த பேக்டெக் கருவிகள் அகச்சிவப்புக் கதிரால் கரியமில வாயுவை அளந்தன. கதிரியக்கம் நீங்கியது. ஊசி நீங்கவில்லை.

இடைவிடாத கண்காணிப்பு

1990இல் ஆர்கனான் டெக்னிகா நிறுவனத்தின் பேக்ட்/அலர்ட் கருவி குறித்த ஆய்வு வெளியானது. இதன் குப்பியின் அடியில் ஒரு நிற உணரி ஒட்டப்பட்டிருந்தது. கரியமில வாயு கூடும்போது உணரி பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும். கருவி 10 நிமிடங்களுக்கு ஒரு முறை அதன்மீது ஒளியைச் செலுத்தி நிறமாற்றத்தை அளக்கும். குப்பியைத் திறக்கவும் வேண்டாம், ஊசியால் துளைக்கவும் வேண்டாம். கருவியே குப்பிகளை உடல் வெப்பநிலையில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கும். இந்த வரிசை பின்னர் பிரான்சின் பயோமெரியூ நிறுவனத்திடம் சென்றது.

1990களின் தொடக்கத்தில் பேக்டெக் 9000 வரிசையும் இவ்வழிக்கு வந்தது. இதில் குப்பியின் அடியில் இருப்பது ஒளிரும் உணரி. கரியமில வாயு கூடக்கூட அதன் ஒளிர்வு கூடும். இவற்றுக்குப் போட்டியாக வந்த மூன்றாவது கருவி டிஃப்கோ நிறுவனத்தின் ஈஎஸ்பி ஆகும். இது பிற்காலத்தில் வெர்சாட்ரெக் என்ற பெயரில் விற்பனையானது. இது குப்பிக்குள் வாயு அழுத்தம் கூடுவதையும் குறைவதையும் அளந்தது. கிருமி ஆக்சிஜனை உட்கொண்டாலும் அழுத்தம் மாறும் என்பதால், கரியமில வாயுவை மட்டும் நம்பாத முறை இது.

மூன்றும் ஒரே கேள்விக்குத் தான் விடை தேடின: குப்பிக்குள் உயிர்ப்புள்ள வளர்ச்சி நடக்கிறதா? இரத்த அணுக்களும் சிறிது கரியமில வாயுவை வெளிவிடும். வெள்ளணுக்கள் மிகுந்த குழந்தையின் இரத்தம், கிருமி இல்லாமலே கருவியை ஒலி எழுப்ப வைக்கக்கூடும். எனவே வாயுவின் அளவை மட்டுமன்றி, அது எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதையும் கணினி கணக்கிடுகிறது.

நேர்மையான ஒப்பீடு எப்படி அமையும்?

இரண்டு கருவிகளை ஒப்பிட, ஒரு மருத்துவமனையில் ஒன்றையும் வேறொரு மருத்துவமனையில் மற்றொன்றையும் வைத்துப் பார்த்தால் போதாது. நோயாளிகள் வேறு, நோய்கள் வேறு, இரத்தம் எடுப்பவர்களின் கைப்பழக்கமும் வேறு. ஆகவே ஒரே நோயாளியிடம் ஒரே நேரத்தில் எடுத்த இரத்தத்தை இரண்டு குப்பிகளிலும் சம அளவில் இட்டு ஒப்பிடும் இணை ஆய்வு முறை ஏற்கப்பட்டது. ஒரு குப்பியில் இரத்தம் குறைந்திருந்தால் அந்த இணையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எது எத்தனை கிருமிகளைக் கண்டது, எவ்வளவு நேரத்தில் கண்டது, எத்தனை முறை பொய்யாக ஒலித்தது என்பவை அளவுகோல்கள்.

பெரியவர்களிடம் இதைச் செய்வது எளிது. குழந்தைகளிடம் இந்த முறையே சிக்கலாகிறது. கிடைப்பதோ 1 மி.லி. அதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு குப்பிக்கும் அரை மி.லி. ஒப்பீடு நேர்மையாக அமையும், ஆனால் இரண்டு குப்பிகளுமே கிருமியைத் தவறவிடும் வாய்ப்பு கூடும்.

இத்தகைய ஆய்வுகளின் பொதுவான முடிவு, இடைவிடாத கண்காணிப்புக் கருவிகளுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்பதே. வேறுபாடு பெரும்பாலும் குப்பிக்குள் இருக்கும் ஊட்டத் திரவத்தில் இருந்தது. ஏற்கெனவே மருந்து கொடுக்கப்பட்ட நோயாளியின் இரத்தத்தில் அந்த மருந்தும் கலந்திருந்து, குப்பிக்குள்ளும் கிருமியைத் தடுக்கும். மருந்தை ஈர்த்துக்கொள்ளும் பிசின் மணிகளோ கரித்தூளோ சேர்த்த குப்பிகளில் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் கூடுதலாக வளர்ந்தன. கரித்தூளுக்கு ஒரு குறையும் இருந்தது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது கரித் துகள்களுக்கிடையே கிருமியை அடையாளம் காண்பது கடினமாக இருந்தது. பின்னர் கரிக்குப் பதிலாக மணிகள் வந்தன.

குழந்தைகளுக்கென ஒரு குப்பி

பெரியவர்களின் குப்பியில் இரத்தமும் ஊட்டத் திரவமும் ஏறத்தாழ 1க்கு 5 முதல் 1க்கு 10 வரையான விகிதத்தில் சேரும்படி அமைத்திருப்பார்கள். அதில் அரை மி.லி. இரத்தத்தை இட்டால் விகிதம் கெட்டுவிடும். இரத்த அணுக்களிலிருந்து கிடைக்கும் சத்தை நம்பி வளரும் கிருமிகளுக்கு அது போதாது. அவ்வளவு சிறிய அளவு இரத்தத்துக்கு, குப்பியில் உள்ள சல்ஃபோனேட் வேதிப்பொருளின் அளவும் தேவைக்கு மிஞ்சியதாகும். எனவே சிறிய அளவு இரத்தத்துக்கு ஏற்ற குழந்தைகள் குப்பிகள் தனியாக உருவாக்கப்பட்டன. பேக்டெக் வரிசையின் குழந்தைகள் குப்பி, 1 முதல் 3 மி.லி. வரையான இரத்தத்துக்கு உகந்ததாக அமைந்தது.

ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகளுக்கான இரண்டாவது குப்பி குழந்தைகளுக்கும் தேவையா என்ற கேள்வியும் எழுந்தது. அத்தகைய கிருமிகள் குழந்தைகளின் இரத்தத்தில் அரிதாகவே காணப்படுகின்றன. ஆகவே வயிறு தொடர்பான தொற்று போன்ற தனிக் காரணம் இல்லாவிட்டால், கிடைத்த இரத்தம் முழுவதையும் ஆக்சிஜன் உள்ள ஒரே குப்பியில் இடுவது பல இடங்களில் வழக்கமானது.

ஒரு மில்லிலிட்டரின் கணக்கு

குழந்தைகளின் இரத்தத்தில் கிருமிகள் மிக அதிகமாக இருக்கும், ஆகவே சிறிது இரத்தமே போதும் என்ற நம்பிக்கை நீண்டகாலம் நிலவியது. 1974இல் வெளியான ஓர் ஆய்வு, எஸ்செரிச்சியா கோலை தொற்றிய பச்சிளங்குழந்தைகள் பலரின் இரத்தத்தில் கிருமிகள் செறிந்திருந்ததைக் காட்டியது. அது இந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது. ஆனால் கெல்லாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு வரை வெளியிட்ட ஆய்வுகள் வேறு நிலையைக் காட்டின. தொற்று உறுதியான குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் 1 மி.லி.க்கு 10 அல்லது அதற்கும் குறைவான கிருமிகளே இருந்தன.

இதன் பொருளை எளிய நிகழ்தகவுக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஒரு குழந்தையின் இரத்தத்தில் சராசரியாக 1 மி.லி.க்கு 1 கிருமி இருப்பதாகக் கொள்வோம். அரை மி.லி. எடுத்தால் அதில் ஒரு கிருமிகூட வராமல் போகும் வாய்ப்பு 61 விழுக்காடு. 1 மி.லி. எடுத்தால் அது 37 விழுக்காடு. 2 மி.லி. எடுத்தால் 14 விழுக்காடு. 3 மி.லி. எடுத்தால் 5 விழுக்காடு. குப்பிக்குள் வராத கிருமியை எந்த இயந்திரமும் கண்டுபிடிக்க முடியாது.

வந்த கிருமியைக் கண்டுபிடிக்கும் வேகத்தைப் பொறுத்தவரை கணக்கு வேறு. 40 மி.லி. திரவமுள்ள குப்பியில், 1 மி.லி.க்கு 1 கோடி என்ற அளவைக் கிருமிகள் எட்டும்போது கருவி ஒலிப்பதாகக் கொள்வோம். 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டிக்கும் கிருமி, ஒன்றிலிருந்து தொடங்கி 29 முறை இரட்டித்தால் அந்த எண்ணிக்கையைத் தாண்டும். அதற்கு ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். பத்துக் கிருமிகளுடன் தொடங்கினால் 26 முறை இரட்டித்தால் போதும், அதாவது 1 மணி நேரம் மட்டுமே மிச்சம். கூடுதல் இரத்தத்தின் பெரும் பயன் வேகம் அன்று. கிருமி அகப்படுவதே அதன் பயன்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இதை நடைமுறையில் காட்டியது. அங்கே வந்த குப்பிகளில் பாதிக்கும் குறைவானவற்றிலேயே வயதுக்கு ஏற்ற அளவு இரத்தம் இருந்தது. போதிய இரத்தம் இருந்த குப்பிகளில் 5.2 விழுக்காட்டில் கிருமி வளர்ந்தது. போதாதவற்றில் 2.1 விழுக்காட்டில் மட்டுமே வளர்ந்தது. பணியாளர்களுக்கு அளவின் தேவையை விளக்கிய பிறகு, போதிய இரத்தம் உள்ள குப்பிகளின் பங்கு உயர்ந்தது. இன்று பல மருத்துவமனைகள் குழந்தையின் எடைக்கேற்ப எத்தனை மி.லி. எடுக்கலாம் என்ற அட்டவணையைப் பின்பற்றுகின்றன.

மருந்தை நிறுத்தும் நேரம்

இயந்திரங்கள் குழந்தைகளுக்குச் செய்த மிகப் பெரிய நன்மை, ‘கிருமி இல்லை’ என்று விரைவில் சொல்ல முடிந்ததுதான். கைமுறைக் காலத்தில் சோதனை முடிவுக்காக 3 நாட்கள் காத்திருந்து, அதுவரை மருந்தைத் தொடர்ந்தார்கள். தானியங்கிக் கருவிகள் வந்தபின், நோய் உண்டாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை முதல் 24 முதல் 36 மணி நேரத்திலேயே வெளிப்படுகின்றன என்று பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கிருமி வளராத நிலையில் 36 முதல் 48 மணி நேரத்தில் மருந்தை நிறுத்தலாம் என்கிறது. வேறு இடத்தில் தொற்று இருப்பதாகத் தெரிந்தால் இது பொருந்தாது.

ஒரு நாள் குறைவது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் ஊசி குறைகிறது, தாயோடு வீடு திரும்பும் நாள் முன்னால் வருகிறது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் இந்த நம்பிக்கை முழுவதும் குப்பிக்குள் போதிய இரத்தம் சென்றது என்பதன் மீதே நிற்கிறது.

கிலிஃபி முதல் வேலூர் வரை

இத்தகைய கருவி பணக்கார நாடுகளின் பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியது அன்று என்பதைக் கென்யாவின் கடற்கரைப் பகுதியான கிலிஃபி காட்டியது. அங்கே உள்ள கிராமப்புற மருத்துவமனையில் 50 குப்பிகள் கொள்ளும் சிறிய பேக்டெக் 9050 கருவி பயன்பட்டது. 1998 முதல் 2002 வரை அனுமதிக்கப்பட்ட 19,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது. இந்த ஆய்வு 2005இல் வெளியானது. 60 நாட்களுக்குக் குறைந்த வயதுள்ள குழந்தைகளில் 12.8 விழுக்காட்டினருக்கும், அதற்கு மேற்பட்ட வயதினரில் 5.9 விழுக்காட்டினருக்கும் இரத்தத்தில் பாக்டீரியா இருந்தது. மருத்துவமனையில் இறந்த குழந்தைகளில் 26 விழுக்காட்டினரின் இரத்தத்தில் பாக்டீரியா காணப்பட்டது. காய்ச்சல் என்றாலே மலேரியா என்று எண்ணப்பட்ட நிலப்பகுதியில், பாக்டீரியா அதற்குக் குறையாத உயிர்க்கொல்லி என்று தெரிந்தது. 2001இல் கென்யா ஹிப் தடுப்பூசியைத் தொடங்கியபோது, அதன் பலனை அளக்கவும் இதே இரத்தச் சோதனைகள் உதவின. கிலிஃபியில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அந்தக் கிருமியின் கடும் தொற்றுகள் சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்தன.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்த டைபாய்டு கண்காணிப்பு ஆய்வு 2017 முதல் 2020 வரை நடந்தது. டெல்லி, கொல்கத்தா, வேலூர் ஆகிய நகர்ப் பகுதிகளிலும் புனே அருகே கிராமப் பகுதியிலும் 6 மாதம் முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 24,000 குழந்தைகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். காய்ச்சல் நீடித்த குழந்தைகளின் இரத்தம் வளர்ப்புச் சோதனைக்கு எடுக்கப்பட்டது. நகர்ப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 வரை டைபாய்டு நோயாளிகள் இருந்ததாகவும், கிராமப் பகுதியில் 35 மட்டுமே என்றும் 2023இல் வெளியான முடிவுகள் கூறின. டைபாய்டு நோயாளியின் இரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே இச்சோதனை உண்மையான நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரையே கண்டறிகிறது. இங்கும் அதே மில்லிலிட்டர் கணக்குதான் குறுக்கே நிற்கிறது.

இயந்திரத்தால் முடியாதவை

கருவி ஒலித்தால் குப்பியில் ஏதோ வளர்கிறது என்று மட்டுமே பொருள். அது தோலிலிருந்து தற்செயலாகக் கலந்த கிருமியாகவும் இருக்கலாம். பெரியவர்களிடம் இரண்டு இடங்களில் இரத்தம் எடுத்து, இரண்டிலும் ஒரே கிருமி வளர்கிறதா என்று பார்க்கலாம். ஒரே குப்பி உள்ள குழந்தையிடம் அந்த வழி இல்லை. தோலில் வாழும் ஒருவகை ஸ்டெஃபைலோகாக்கஸ், குறைமாதக் குழந்தைகளுக்கு உண்மையான தொற்றையும் உண்டாக்கும் என்பதால் குழப்பம் மேலும் கூடுகிறது. விரைவில் ஒலித்தால் உண்மைத் தொற்றாகவும், தாமதமாக ஒலித்தால் கலப்படமாகவும் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இது உறுதியான விதி அன்று. தோலை நன்கு துடைத்து, கிருமிநாசினி உலரும்வரை பொறுத்து, பிறகு ஊசி போடுவதே சிறந்த தடுப்பு.

குப்பி கருவியை அடையும் நேரமும் முக்கியமானது. சூடான அறையில் பல மணி நேரம் கிடந்த குப்பியில் கிருமி முன்பே பெருகி முடிந்திருந்தால், கருவி வளர்ச்சியின் வேகத்தைக் காணாமல் ‘கிருமி இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். ஆய்வகம் இரவில் மூடப்பட்டிருந்தால், 10 நிமிடங்களுக்கு ஒரு முறை அளக்கும் கருவி இருந்தும் பயன் குறைவு.

கதிரியக்கம், அகச்சிவப்புக் கதிர், நிற உணரி, ஒளிரும் உணரி, அழுத்தம் என்று கருவிகள் மாறின. குப்பிகள் மேம்பட்டன. காத்திருக்கும் நேரம் 3 நாட்களிலிருந்து ஒன்றரை நாளாகச் சுருங்கியது. ஆயினும் எல்லாக் கருவிகளின் முடிவும் இன்றளவும் தொடங்குவது குழந்தையின் கட்டிலருகே, தோலைத் தூய்மை செய்து, எடைக்கேற்ற அளவு இரத்தத்தை எடுத்து, குப்பியை உடனே ஆய்வகத்துக்கு அனுப்பும் செவிலியரின் கையில்தான்.